புஷ்பக்கும் பி.காமும்

பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுநாள் காலை. கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பேத்தி நகத்துக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மதிப்பெண் பட்டியலும் பிளஸ் ஒன் விண்ணப்பப் படிவமும் கிடந்தன. ஃபர்ஸ்ட் குரூப் எடு என்கிறார் அவளுடைய அப்பா. அவளுக்குக் காமர்ஸில் நாட்டம். விமானம் ஓட்டும் ஆசையும் சின்ன வயதிலிருந்தே உண்டு. "தாத்தா, காமர்ஸ் எடுத்தா பைலட் ஆக முடியாதாமே, நிஜமா?" என்று நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

கேப்டன் உடனே பதில் சொல்லவில்லை. ஓய்வுபெற்று சில ஆண்டுகள் ஆகியும் அக்கம்பக்கத்தார் அவரைக் கேப்டன் என்றே கூப்பிடுகிறார்கள். பேத்தியின் கேள்விக்கு முன்பே அந்த பாலிஷ் வாசனை அவரை மீனம்பாக்கத்து ஹேங்கருக்குக் கொண்டுபோய்விட்டிருந்தது.

விமானத்துக்கும் நகப்பூச்சுக்கும் என்ன உறவு என்று தோன்றலாம். நெருங்கிய உறவு. அந்தக் காலத்துப் பயிற்சி விமானங்களின் இறக்கை துணியால் ஆனது. சட்டத்தின் மேல் துணியை இழுத்துக் கட்டி, அதன்மேல் 'டோப்' என்ற பூச்சைப் பூசுவார்கள். நைட்ரோசெல்லுலோஸைக் கரைப்பானில் கரைத்துச் செய்வது. நகப்பூச்சின் அடிப்படையும் அதுதான். ஒரு பூச்சு காய்ந்ததும் அடுத்தது. காயக்காயத் துணி சுருங்கி, தட்டினால் மேளத் தோல் மாதிரி 'டங்' என்று ஒலிக்கும். ஹேங்கரில் அந்த நெடியும் விமானப் பெட்ரோலின் வாடையும் கலந்தே இருக்கும். காலையில் போய்ச் சேரும் பையன்களுக்கு அன்றைய முதல் வேலை விமானத்தை வெளியே தள்ளுவது. இரண்டாவது வேலை, இறக்கையில் படிந்த பனியைத் துடைப்பது. பறப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

அந்த விமானத்தின் பெயர் புஷ்பக். பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் கட்டியது. 1958இல் முதன்முதலாகப் பறந்தது. இரண்டே இருக்கைகள், அருகருகே. 90 குதிரைத்திறன் எஞ்சின். சாவி திருகினால் உயிர்பெறுகிற சங்கதியெல்லாம் கிடையாது. ஒருவர் முன்னால் நின்று விசிறியைக் கையால் சுழற்றிவிட வேண்டும். "ஸ்விட்ச் ஆஃப்!", "காண்டாக்ட்!" என்று உள்ளே இருப்பவரும் வெளியே இருப்பவரும் மாற்றி மாற்றிக் கத்துவார்கள். விசிறி பிடித்துக்கொண்டதும் வெளியே இருப்பவர் சட்டென்று விலகிவிட வேண்டும். நாட்டின் பல பறக்கும் கழகங்களில் ஒரு தலைமுறை விமானிகளை வளர்த்தது புஷ்பக்தான்.

கேப்டன் மீனம்பாக்கத்துப் பறக்கும் கழகத்தில் சேர்ந்தபோது அவர் கையில் இருந்தது பி.காம். பட்டம். பிளஸ் டூ என்ற ஒன்று தமிழ்நாட்டில் 1978இல்தான் வந்தது. அதற்கு முன் பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி., பிறகு கல்லூரியில் ஒரு வருஷம் பி.யு.சி., அப்புறம் பட்டப்படிப்பு. அவர் பி.யு.சி.யிலேயே வணிகவியல் பக்கம் போய்விட்டார். அப்பாவுக்கு அதில் ஒரு கணக்கு இருந்தது: பி.காம்., வங்கித் தேர்வு, மாதச் சம்பளம், குரோம்பேட்டையில் சொந்தமாக ஒரு வீடு. மீட்டர் கேஜ் மின்சார ரயிலில் கல்லூரிக்குப் போகும்போது, மீனம்பாக்கம் வந்தால் பையன் ஜன்னலோரம் போய் எட்டிப் பார்ப்பான் என்பது அவர் கணக்கில் சேரவே இல்லை.

அப்போதைய விதி எளிமையானது. வணிக விமானி உரிமத்துக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். 1990களின் நடுப்பகுதி வரை இந்தியாவில் அதுதான் நிலை. பறக்கும் கழகங்களில் அரசு மானியம் வேறு இருந்தது. நடுத்தரக் குடும்பத்துப் பையன் கனவு காணும் தூரத்தில் விமானம் நின்றது. "பேங்க் பரிட்சையையும் எழுதிட்டு, அதையும் பாரு" என்று அப்பா இறங்கி வந்தார்.

கழகத்தில் நேவிகேஷன் வகுப்பு தொடங்கிய முதல் வாரத்திலேயே பி.காம். திணறியது. பயிற்றுநர் கரும்பலகையில் ஒரு முக்கோணம் போட்டார். ஒரு பக்கம் விமானத்தின் வேகமும் திசையும், இன்னொரு பக்கம் காற்று, மூன்றாவது பக்கம் தரையின் மேல் விமானம் உண்மையில் போகும் வழி. "காற்று 20 நாட், மூக்குக்கு 30 டிகிரி பக்கவாட்டில். குறுக்குக் காற்று எவ்வளவு?" என்று கேட்டார். அறிவியல் படித்த பையன்கள் 'பத்து' என்று சொல்லிவிட்டார்கள். சைன் 30 என்றால் பாதி. பற்று வரவு, ஐந்தொகை என்று மூன்று வருஷம் எழுதிய கை, நோட்டில் முக்கோணத்தை மட்டும் போட்டுவிட்டு நின்றது.

அப்போது கைகொடுத்தவர் அம்மாவின் அண்ணன். பல்லாவரத்தில் உயர்நிலைப் பள்ளிக் கணக்கு வாத்தியார். அவர் விமானத்தைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லை; வீட்டுக்கு மேலே தாழ்வாகப் போகிறவற்றைத் திண்ணையிலிருந்து அண்ணாந்து பார்த்ததோடு சரி. ஆனால் முக்கோணம் என்றால் விடமாட்டார். சாயங்காலம் மருமகன் சைக்கிளில் வந்து இறங்கினால், அத்தை காபி கொண்டுவருவதற்குள் கிளார்க்ஸ் டேபிள் என்ற கணக்கு அட்டவணைப் புத்தகத்தைப் பிரித்துவிடுவார்.

"மனப்பாடம் பண்ணாதடா. சைன்னா என்ன? சாய்ஞ்சு நிக்கிற கோல்ல எவ்வளவு பாகம் உசரமா மாறுதுங்கிறதுதான். உன் காத்தும் சாய்ஞ்சு நிக்கிற கோல்தான்."

"அப்ப 90 டிகிரில அடிச்சா முழுசும் குறுக்குக் காத்தா மாமா?"

"அவ்வளவுதான். இதுக்காடா முழிச்சே?"

திண்ணையில் ஆறேழு மாதம் இப்படி ஓடியது. கல்லூரியில் கிடைக்காத கல்வி அங்கே கிடைத்தது என்று கேப்டன் இன்றும் சொல்வார். கல்லூரியைக் குறைத்துச் சொல்வதல்ல அது. கணக்கைத் தேவையோடு சேர்த்துப் படித்தது அப்போதுதான் என்பது அவர் எண்ணம்.

விமானிக்கு எந்தக் கணக்கு வேண்டும் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் கால்குலஸ், ராக்கெட் விஞ்ஞானம் என்று கற்பனை செய்துகொள்கிறார்கள். காக்பிட்டில் புழங்குவது எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையிலான கணக்குதான். ஆனால் அது விரல்நுனியில் இருக்க வேண்டும். காகிதமும் நேரமும் இல்லாத இடத்தில், வேறு இரண்டு வேலைகள் நடக்கும்போதே வர வேண்டும்.

'அறுபதுக்கு ஒன்று' என்று ஒரு விதி உண்டு. திசை ஒரு டிகிரி தவறினால், 60 கடல் மைல் போனபின் ஒரு கடல் மைல் விலகியிருப்போம். முழு வட்டத்தின் 360 டிகிரியை இரண்டு பையால் வகுத்தால் ஏறக்குறைய 57 வரும். அதை அறுபதாக்கிக்கொண்டால் மனக்கணக்கு சுலபம். பயிற்றுநரை அருகில் வைத்துக்கொண்டு திருச்சி நோக்கிப் பறந்த முதல் நீண்ட பயணத்தில் இந்த விதி அவருக்கு உயிரோடு வந்து நின்றது. ஆடி மாதம். மேல்காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. கிளம்பி சுமார் 30 கடல் மைல் ஆனபோது, பாதைக்குப் பக்கத்தில் தெரிய வேண்டிய மதுராந்தகம் ஏரி மூன்று கடல் மைல் மேற்கே தள்ளி மினுங்கியது. பயிற்றுநர் ஒன்றும் பேசவில்லை. ஏரியைக் கட்டைவிரலால் காட்டினார். முப்பதில் மூன்று என்றால் அறுபதில் ஆறு. ஆறு டிகிரி வலப்பக்கம் திருப்பினால் விலகல் நிற்கும். பழைய கோட்டுக்குத் திரும்ப இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். திருப்பினார். அடுத்த ஊரின் ரயில் பாதை வரைபடத்தில் இருந்தபடியே கீழே வந்து சேர்ந்தது.

சென்னை வெயிலும் ஒரு பௌதிகப் பாடம். காற்று சூடானால் அடர்த்தி குறையும். இறக்கைக்குப் பிடிமானம் குறையும், எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும். கடல் மட்டத்தில் 15 டிகிரி செல்சியஸ் என்பது விமானவியலின் அளவுகோல். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 120 அடி உயரத்தில் இருப்பதாக விமானம் நினைத்துக்கொள்ளும். அக்னி நட்சத்திரத்தில் மீனம்பாக்கத்தில் 40 டிகிரி அடித்தால், கடலோரத்து ஓடுபாதையில் நிற்கிற புஷ்பக் 3,000 அடி உயர மலையூரில் நிற்பதுபோல நடந்துகொள்ளும். மே மாதத்தில் பயிற்சியை விடியற்காலைக்கு மாற்றியதன் காரணம் இதுதான் என்று புரிந்த நாளில், பள்ளியில் பாடத்தை ஒப்பிக்க மட்டுமே பயன்பட்ட சார்லஸ் விதி அவருக்குக் கூட்டாளியாகிவிட்டது.

பட்டம் இல்லாமலே வானத்தில் பெயர் எடுத்தவர்களின் கதைகள் ஹேங்கர் அரட்டையில் தாராளமாக வரும். 1929 பிப்ரவரி 10ஆம் தேதி இந்தியாவில் முதல் எண் கொண்ட விமானி உரிமத்தைப் பெற்ற ஜே.ஆர்.டி. டாட்டா கல்லூரிப் பட்டம் பெற்றவரல்ல. கேம்பிரிட்ஜில் பொறியியல் படிக்க ஆசைப்பட்டார். தந்தை தொழிலுக்கு அழைத்துக்கொண்டார். படிக்க முடியாமல் போன வருத்தம் அவருக்கு நெடுங்காலம் இருந்தது. 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய்க்கு புஸ் மாத் விமானத்தில் தபால் கொண்டுவந்தது அவர்தான். அங்கிருந்து அந்தத் தபாலை பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். உஷா சுந்தரம் பெயரும் அடிபடும். பெங்களூர் ஜக்கூர் பறக்கும் பள்ளியில் 1949இல் பயிற்சி முடித்து, 1951இல் கணவர் வி. சுந்தரத்தோடு டி ஹாவிலண்ட் டவ் விமானத்தை இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு ஓட்டிவந்தவர். கழகத்தில் பெண்கள் யாராவது சேர்ந்தால் மூத்தவர்கள் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

அந்தக் கதைகளைக் கேட்டுப் படிப்பே வேண்டாம் என்று முடிவுகட்டியவர்களும் உண்டு. அவர்கள் எழுத்துத் தேர்வில் தங்கிப்போனார்கள். வானிலை, விமான விதிகள், நேவிகேஷன், எஞ்சின் தொழில்நுட்பம் எல்லாவற்றையும் சொந்தமாகப் படித்தே தீர வேண்டும். இன்று ஒவ்வொரு தாளிலும் 70 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. பள்ளியில் 35 எடுத்தால் பாஸ் என்று பழகியவர்களுக்கு இது வேறு உலகம்.

இன்றைய விதி பேத்தி கேள்விப்பட்டது போலத்தான் இருக்கிறது. பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் தேறியிருக்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்ப வேண்டும். 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் தானே பொறுப்பேற்று ஓட்டியதாக இருக்க வேண்டும். முதல் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும். கண்ணாடி போட்டவர்கள் விமானி ஆக முடியாது என்று எத்தனையோ வீடுகளில் இன்னும் நம்புகிறார்கள். கண்ணாடி போட்டுச் சரியாகிற பார்வை போதும். நிறக்குருடு இருந்தால்தான் சிக்கல். கேப்டன் தெருவில் யாரைப் பார்த்தாலும் சொல்வது ஒன்றுதான்: பணம் கட்டுவதற்கு முன் மருத்துவப் பரிசோதனையை முடி.

காமர்ஸ் எடுத்தவர்களுக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. தேசிய திறந்தநிலைப் பள்ளியில் இயற்பியலையும் கணிதத்தையும் மட்டும் தனியாக எழுதித் தேறலாம். பட்டம் முடித்து வேலைக்குப் போனபின்கூட அப்படி எழுதி விமானி ஆனவர்கள் இருக்கிறார்கள். கலை, வணிகவியல் மாணவர்களுக்கும் நேரடியாக வாய்ப்பளிக்க விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் (டிஜிசிஏ) பரிசீலிப்பதாக 2025இல் நாளிதழ்களில் செய்தி வந்தபோது, கேப்டன் அதைக் கத்தரித்து டைரியில் வைத்துக்கொண்டார். பதினைந்து வயதில், பள்ளி அலுவலகத்தின் ஜன்னல் முன் நின்று எடுக்கிற ஒரு குரூப், ஒரு பிள்ளையின் வானத்தைத் தீர்மானிக்கக் கூடாது என்பது அவருடைய கட்சி. அதே சமயம், இயற்பியல் தெரியாமல் பறக்கலாம் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். எங்கே படித்தாய் என்பது வேண்டாம், உனக்குத் தெரியுமா என்று கேள் என்பார்.

அவர் உரிமத்துக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் கனடாவிலிருந்து வந்த ஒரு செய்தி உலகத்து விமானிகளையெல்லாம் உலுக்கியது. 1983 ஜூலை 23. ஏர் கனடாவின் புத்தம்புது போயிங் 767, 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து நின்றது. அந்த நிறுவனம் பவுண்டிலிருந்து கிலோவுக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். எரிபொருள் அளவுமானி வேலை செய்யவில்லை. குச்சி விட்டு அளந்து லிட்டரை எடையாக மாற்றினார்கள். ஒரு லிட்டருக்கு 0.8 கிலோ என்று பெருக்க வேண்டிய இடத்தில், பவுண்டுக்கான 1.77ஆல் பெருக்கிவிட்டார்கள். 22,300 கிலோ இருப்பதாக நினைத்துக் கிளம்பிய விமானத்தில் அதில் பாதிகூட இல்லை. கேப்டன் பாப் பியர்சன் கிளைடர் ஓட்டிப் பழகியவர். கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படை ஓடுபாதையில் எஞ்சின் இல்லாமலே இறக்கினார். ஒருவரும் சாகவில்லை.

பிற்காலத்தில் இளம் விமானிகளுக்கு வகுப்பெடுத்தபோது கேப்டன் இந்தக் கதையை நிதானமாகச் சொல்வார். அங்கே யாருக்கும் பெருக்கத் தெரியாமல் இல்லை, பெருக்கியதெல்லாம் சரி. வந்த விடை நம்பும்படி இருக்கிறதா என்று ஒருமுறை தள்ளி நின்று பார்க்கும் பழக்கம்தான் தவறிப்போனது. கணக்குப் பதிவியலில் ஐந்தொகை இரண்டு பக்கமும் ஒத்துவருகிறதா என்று கடைசியில் சரிபார்ப்பார்களே, அந்த பி.காம். புத்தி தனக்குக் காக்பிட்டில் நன்றாகவே உதவியது என்பார். ஒவ்வொரு முறையும் எரிபொருள் சீட்டைக் கையில் வாங்கியதும் மனத்துக்குள் இன்னொரு வழியில் போட்டுப் பார்ப்பார்.

மொழி இன்னொரு பாடம். கழகத்தில் அவரோடு சேர்ந்த ஒருவர் தமிழ் வழியில் படித்தவர், கணக்கில் புலி. ஆனால் ரேடியோவில் கட்டுப்பாட்டு அறையின் குரல் கேட்டதும் உடம்பு விறைத்துவிடும். அவர் ஆகாசவாணியின் ஆங்கிலச் செய்தியை டேப் ரெக்கார்டரில் பதிந்து, கூடவே சொல்லிச் சொல்லிப் பழகினார். அந்த உழைப்பின் அருமை 1996 நவம்பர் 12 அன்று எல்லோருக்கும் புரிந்தது. ஹரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே வானில் சவூதி போயிங் 747உம் கசகஸ்தானின் இல்யூஷின் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். 15,000 அடியில் நிற்க வேண்டிய கசக் விமானம் அதற்குக் கீழே இறங்கியிருந்தது. அதன் குழுவினர் ஆங்கிலத்தில் வந்த உத்தரவைச் சரியாகப் புரிந்துகொள்ளாததும் விசாரணையில் பேசப்பட்டது. விமானிகளுக்கு ஆங்கிலத் தகுதி நிலைகளை உலக அளவில் வகுக்கத் தூண்டுகோலாக இருந்த விபத்துகளில் இதுவும் ஒன்று. அந்த நண்பர் பின்னாளில் வளைகுடா நாடொன்றில் கேப்டனாக இருந்தார்.

பட்டப்படிப்புக்கு மதிப்பே இல்லையா என்றால், அமெரிக்காக்காரர்கள் அதை மணி நேரமாக அளந்திருக்கிறார்கள். 2013 முதல் அங்கே பயணிகள் விமானத்தில் துணை விமானியாக உட்காரவே பொதுவாக 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட விமானவியல் பட்டம் இருந்தால் 1,000 மணி நேரம் போதும். அதே நாட்டில் டெல்டா நிறுவனம், விமானிக்குக் கட்டாயம் நாலு வருஷப் பட்டம் வேண்டும் என்ற தன் நிபந்தனையை 2022இல் எடுத்துவிட்டது.

கேப்டனை உறுத்துவது இதெல்லாம் இல்லை. விட்டுப்போன இயற்பியலை ஒரு வருஷத்தில் எழுதிவிடலாம். ஆனால் இன்று உரிமம் வாங்க ஆகும் செலவு ஐம்பது லட்சத்தைத் தாண்டுகிறது. வீட்டை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்பும் தகப்பன்களை அவர் பார்க்கிறார். தன் அப்பாவின் குமாஸ்தா சம்பளத்தில் தான் பறக்கக் கற்றுக்கொண்டதை நினைத்தால், அந்தக் கதவு எப்போது சாத்தப்பட்டது என்று கேட்கத் தோன்றுகிறது அவருக்கு. மாமாவைப் போல ஒரு வாத்தியார் எந்தப் பல்லாவரத்திலும் கிடைப்பார். அப்படி ஒரு மானியம் மறுபடி கிடைக்குமா?

மாமா ஒரே ஒரு தடவை மருமகன் ஓட்டிய விமானத்தில் ஏறினார். ஏவ்ரோ விமானத்தில் துணை விமானியாகச் சேர்ந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. மதுரையில் ஒரு கல்யாணம். மாமா ஜரிகை வேட்டி, தோளில் அங்கவஸ்திரம். அத்தை கையில் மடக்கிய கைக்குட்டைக்குள் எலுமிச்சம்பழம், வாந்தி வராமல் இருக்க. வழி நெடுக மாமா ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லையாம். மதுரையில் இறங்கி, பயணிகளெல்லாம் போனபின், மருமகன் சீருடையோடு படியிறங்கி வந்தார். ஊர்க்காரர்கள் பாராட்டுகிற மாதிரி ஏதாவது சொல்வார் என்று அத்தை எதிர்பார்த்தாள்.

"எத்தனை டிகிரி சரிவுல இறக்கினே?" என்று கேட்டார் மாமா.

"மூணு டிகிரி மாமா."

"டேன் மூணு?"

"பாயிண்ட் சைபர் ஃபைவ் டூ ஃபோர்."

"உன் கடல் மைலுக்கு எத்தனை அடி?"

"6,076."

மாமா கண்ணை மூடி ஒரு கணம் நின்றார். "அப்ப மைலுக்கு 318 அடி இறங்கணும். ஜன்னல்ல பார்த்தப்ப அப்படித்தான் இருந்தது" என்று சொல்லிவிட்டு, பெட்டி எந்தப் பக்கம் வரும் என்று அத்தையை அழைத்துக்கொண்டு விசாரிக்கப் போனார்.